இருட்டு எண்ணிக்கை

ஆரம்பாக்கம் தாண்டி, செக்போஸ்ட் தாண்டி,
தடாவுக்கு முன்னால் ஏரிப் பக்கம் திரும்பினால்
பென்சலய்யா நைட் ஷிஃப்ட் பார்க்கும் ஐஸ் ஃபேக்டரி.
அமோனியா வாசலிலேயே மூக்கில் அறையும்.
ரிஜிஸ்டரை விரித்துச் சரக்கு என்ன என்றார்.
"சேப்பவா, ரொய்யாவா, நண்டா?"
ஹெப்சிபா பெட்டியைத் திறந்து காட்டினாள்.
பூசணிக்காய் அளவில் கண்ணாடிக் கோளம்,
உள்ளே செம்பு நிறத்தில் ஒரே ஒரு விழி.
கொஞ்சம் யோசித்து எழுதினார்:
கண்ணாடி, ஒன்று.

தென்துருவத்தில், இரண்டு கிலோமீட்டர் பனிக்கு அடியில்
இதை இறக்கப் போகிறோம் என்றோம்.
"திரும்ப எடுக்க?"
எடுக்க முடியாது. உறைந்தால் உறைந்ததுதான்.
அதனால்தான் தப்பையெல்லாம்
இங்கேயே செய்து பார்க்க வந்தோம்.

கும்மிடிப்பூண்டியில் சொல்லிச் செய்த அகலத் தகர அச்சு
உப்புநீர்த் தொட்டிக்குள் இறங்கியது.
மேலே கறுப்புத் தார்ப்பாய், அதன் மேல் என் துப்பட்டா,
அதற்கும் மேல் ஹெப்சிபாவின் ரெயின்கோட்.
ஆனாலும் திரையில் எண் ஓடியது.
நொடிக்குத் தொள்ளாயிரம்.
குண்டூசி முனை வெளிச்சம்கூட இல்லாத இடத்தில்
தொள்ளாயிரம் தடவை வெளிச்சம் பார்த்தேன் என்கிறது.

யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது.
கம்ப்ரசர் மேல். ஆந்திர கரண்ட் மேல்.
ஐஸ் உடைக்கும் மெஷினை நிறுத்தச் சொன்னோம்.
பீடி பற்றவைத்த டிரைவரை
ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினோம்.
அதற்கெல்லாம் எண் அசையவில்லை.
தண்ணீர் இறுக இறுகத் தானாகவே இறங்கி
அறுநூற்றுச் சொச்சத்தில் நின்றது.
அந்த மிச்சம் கண்ணாடியுடையது.
அதில் கலந்து வந்த பொட்டாசியம்
அணு அணுவாய் உடைந்து மினுங்குகிறது.
தன் தோலின் மினுக்கம்தான்
அந்தக் கண்ணுக்குக் கிடைத்த முதல் காட்சி.
நோட்டில் குறித்தேன். இனி வரும் எந்தக் கணக்கிலும்
இதை முதலில் கழிக்க வேண்டும்.

இடையிடையே பெரிதாக ஒரு துடிப்பு.
அது மேலிருந்து. மியூவான்.
தகரக் கூரை, தார்ப்பாய் எதையும் கேட்காமல் இறங்கி,
பனிக்குள் ஒளி நடக்கும் வேகத்தை முந்தி,
நீலமாய் ஒரு கீறல் போட்டுவிட்டுத் தரைக்குள் போய்விடும்.
அந்நேரம் செக்போஸ்டில் பதினேழு லாரி
பர்மிட் சீட்டோடு நின்றுகொண்டிருந்தது.

நாங்கள் தேடுவது அதையும் அல்ல.
பூமியின் மறுபக்கத்தில் நுழைந்து கீழிருந்து வருவதை.
அது இந்த ஒரு கட்டிக்குள் சிக்க
எத்தனை ஜென்மம் என்று ஹெப்சிபா
விரல் விட்டு எண்ண ஆரம்பித்துத் தூங்கிப்போனாள்.

மறுநாள் இரவு நாங்களே வெளிச்சம் போட்டோம்.
ஊதா விளக்கு, ஒரே ஒரு சிமிட்டு.
எவ்வளவு, எப்போது, எல்லாம் தெரிந்த வெளிச்சம்.
வந்து சேர்ந்தது தாமதமாய், சிதறி,
கல்யாணப் பந்தியிலிருந்து கலைந்து வரும் கூட்டம் போல.
பென்சலய்யா அச்சை எட்டிப் பார்த்தார்.
"நடுவுல பால் கட்டியிருக்கு மேடம்.
காத்து மாட்டிக்கிச்சு.
ஹோஸ் போட்டு ஊதினா கண்ணாடி மாதிரி ஐஸ் தருவேன்,
ஜூஸ் கடைக்கெல்லாம் அதுதான்."

வேண்டாம் என்றேன்.
அங்கே துளை போட்டு இறக்கியதும்
உருகிய தண்ணீர் திரும்ப உறையும்போது
நடுவில் இதே பால் கட்டும்.
எங்களுக்கு அளக்க வேண்டியது இந்தப் பாலைத்தான்.
அவர் முகம் சுருங்கிவிட்டது.
இருபத்திரண்டு வருஷ சர்வீஸில்
கெட்டுப்போன கட்டியைக் கேட்டு வாங்கியவர்கள்
நாங்கள்தான் போலிருக்கிறது.

ஆறு இரவு. நாலாயிரம் சிமிட்டு.
இரண்டு தடவை கரண்ட் போய், டீசல் தீர்ந்து,
ஒருதரம் உப்புநீர் கசிந்து வயர் போனது.
கடைசியில் வெந்நீர் ஊற்றிக் கோளத்தை எடுத்தோம்.
கீறல் இல்லை.

கட்டியின் வயிற்றில் உருண்டையாய் ஒரு பள்ளம் இருந்தது.
ஃபோட்டோ எடுக்கலாம் என்று நான் ஃபோனைத் துழாவுவதற்குள்
பென்சலய்யா அதைக் கொக்கியில் இழுத்து
மெஷினுக்குள் தள்ளிவிட்டார்.
பழவேற்காட்டு நண்டு, எட்டுப் பெட்டி,
விடிவதற்குள் சென்னை போக வேண்டுமாம்.